லமூசாவின் கழுத்துப் பை

பதினோரு வருஷமாக லமூசாவுக்கு மலேரியா. நாபொலே சுகாதார நிலையத்து நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒரு நர்ஸ் மாற்றலாகிப் போவார், இன்னொருவர் வருவார், எழுத்து மட்டும் மாறாது. தலை சுற்றுகிறது என்றால் மலேரியா. நிற்க முடியவில்லை என்றால் மலேரியா. குளம் குட்டையெல்லாம் வற்றி, கொசு என்பதையே ஊர் மறந்துபோன ஏப்ரல் மாதத்தில், எல்லோரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க இவள் மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினால், அதுவும் மலேரியாதான்.

"இந்த வெயில்ல ஏதுங்க கொசு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"நர்ஸ் நீயா, நானா?" என்று பதில் வந்தது.

மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். எழுந்து வீட்டுக்குப் போகவே ஒரு மணி நேரம் தெம்பு சேர்க்க வேண்டியிருந்தது. "கடவுளே, ஊர்க் கொசுவெல்லாம் சாகுது, என் வயித்துக்குள்ள இருக்கிற கொசு மட்டும் சாகமாட்டேங்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கொசுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் தொடங்கியது அவளுடைய இருபத்தாறாவது வயதில், ஒரே ஒரு பிரசவத்தில். பெண் குழந்தை நன்றாகப் பிறந்தது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, மண் தரை நனைந்து, கழுதை வண்டியில் போட்டுப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய், யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தாளே, அதுவே போதும் என்று எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். பிழைத்தவளுக்குப் பால் வரவில்லை என்பதைப் பெண்கள் மட்டும் கவனித்தார்கள். வேர்க்கடலைக் கஞ்சி கொடுத்தார்கள், இலைச்சாறு கொடுத்தார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. கொழுந்தன் மனைவி தன் பிள்ளையோடு சேர்த்து இந்தப் பிள்ளைக்கும் பால் கொடுத்து, தன்னோடே வைத்து வளர்த்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. மாதவிலக்கும் அதற்குப் பிறகு வரவில்லை. புருவம் உதிர்ந்தது. தோல் வெளுத்து, முகம் மெழுகு பூசியது போல ஆனது. இதையெல்லாம் எந்த ஆண் நர்ஸிடம் போய்ச் சொல்வது? அவர்களும் கேட்கவில்லை.

லமூசாவின் தொழில் சோளக் கள் காய்ச்சுவது. சிவப்புச் சோளத்தை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, பெரிய பானைகளில் இரண்டு நாள் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பழைய கள்ளின் நுரையை விட்டால்தான் மூன்றாம் நாள் பொங்கும். அடுப்பை விட்டு நகர முடியாத வேலை. ஒரு காலத்தில் நாலு பானையைத் தனியாகச் சமாளித்தவள், இப்போது ஒரு பானைக்கு முன்னால் துடுப்பைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். இரண்டு முறை அடிப்பிடித்தது. "சோம்பேறி" என்றார்கள் ஊரில். "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்றார்கள் நல்லவர்கள். அவள் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். புருஷன் நொராகோ கெட்டவன் இல்லை, ஆனால் இரண்டாவது பிள்ளைக்கு ஆறு வருஷம் காத்திருந்துவிட்டு தெனேயை இரண்டாம் மனைவியாகக் கூட்டிவந்தான். லமூசாவுக்குப் பொறாமைப்படக்கூடத் தெம்பு இல்லை. களி கிண்ட இன்னொரு ஆள் வந்ததே என்று போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவளிடம் குரலைத் தாழ்த்தாமல் பேசியவன் ஒருவன்தான். பொனிஃபாஸ். அவளுடைய கள்ளுக்கடைக்கு எதிரே மொபெட் பழுதுபார்ப்பவன். அவன் சாமோ இனம், இவள் மோசி இனம். இந்த இரண்டு இனத்துக்கும் நடுவில் கேலிமுறை உண்டு. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் தூசு. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டும் ஓடலாம், பிடுங்கப்பட்டவர் கோபப்படவே கூடாது. கோபப்பட்டால் அவர் தோற்றார், அவர் குடும்பமும் தோற்றது. மன்னிப்பு கேட்பது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அவனுக்கு இவள் அடிமை, சாமோக்காரர்கள் நாய்க்கறி தின்பவர்கள் என்பதால் இவளுக்கு அவன் நாய்த்தலை தின்னி.

"ஏ அடிமை!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவான். "செத்துட்டியா, சும்மா கிடக்கியா? செத்துட்டா சொல்லிடு, பானைய நான் எடுத்துக்கிறேன்!"

"நாய்த்தல தின்னி! உன்னைப் புதைச்சிட்டுத்தான்டா நான் போவேன்!" என்று பதில் கத்துவதற்காகவே லமூசா பாயிலிருந்து முழங்கை ஊன்றி எழுவாள்.

பதினோராம் வருஷம் சந்தையில் மயங்கி விழுந்தாள். யாரோ ஒரு லாரிக்காரன் தலைநகரம் வாகடூகு வரை கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டான். அங்கே ஒரு சின்னவயசு டாக்டரம்மா அவளுடைய புருவத்தைப் பார்த்தாள், முடியே இல்லாத அக்குளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, பிரசவத்துல ரத்தம் நெறைய போச்சா? அப்புறம் பால் வந்துச்சா?"

லமூசாவுக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். "இத்தனூண்டு கேள்விங்க. இதைக் கேக்கறதுக்குப் பதினோரு வருஷமா?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அன்றைக்கு ரத்தம் போனபோது அது பட்டுப்போய்விட்டது. அதுதான் மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் உத்தரவு அனுப்ப வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உத்தரவு வராததால் தூங்குகிறது. அது சுரக்க வேண்டியது சுரக்காவிட்டால் உடம்புக்கு ஒரு சின்னக் காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாது.

"நுரை விடாத கள்ளு மாதிரி" என்றாள் லமூசா. "சோளம் இருக்கு, தண்ணி இருக்கு, தீ இருக்கு. ஆனா பொங்காது."

"அதேதான். நுரைய மாத்திரையா நான் தரேன். காலையில ஒண்ணு, மத்தியானம் அரை. சாகற வரைக்கும். காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி வந்து மாத்திரை உள்ள தங்கலேன்னா ஊசி போட்டாகணும். காத்திருக்கக் கூடாது." ஒரு அட்டையில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தாள். லமூசாவுக்கு எழுத்து தெரியாது. அட்டையையும் மாத்திரையையும் ஒரு தோல் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பத்தே நாள். பத்தாம் நாள் விடியும்போது எழுந்து துடுப்பை எடுத்தவளைப் பார்த்து தெனே வாய் பிளந்தாள். "அக்கா, நீங்கதானா?" மறு வருஷம் நாலு பானை ஏறியது. எதிர்க்கடையிலிருந்து, "அடிமைக்கு உசிர் வந்துடுச்சு, இனிமே கள்ளுல தண்ணி கலப்பா!" என்று சத்தம் வந்தது.

அதற்காக நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வாகடூகு போனால், மருந்துக்கடைக்காரன் "அடுத்த வாரம் வாம்மா" என்பான். அடுத்த வாரமும் அதையே சொல்வான். கிடைத்ததைக் கொண்டுவந்தால் ஊரில் ஆளுக்கொரு யோசனை. நொராகோவே அடிக்கடி ஆரம்பிப்பான்: "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?"

"மாத்திரை போடறதாலதாங்க நல்லா இருக்கேன்!"

"அதான் நல்லாயிட்டியே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஏழு வருஷமாக இந்த இரண்டு வாக்கியத்தையே மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது வருஷம், ஜனவரியில், செத்து நாலு வருஷமான மாமனாருக்கு, ஊர் வழக்கப்படி, பெரிய காரியம் வைத்தார்கள். அறுவடை முடிந்து, பாலைவனத்துப் புழுதிக்காற்று வீசும் காலம். வீடு நிறைய விருந்தாளிகள். எவன் எதை எடுப்பானோ என்று பயந்து, வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த மாத்திரையையும் எடுத்து, மூன்று மாதத்து இருப்பு மொத்தத்தையும் கழுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள் லமூசா. பெரிய புத்திசாலித்தனம்!

காரிய வீட்டுக்கு சாமோக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கேலிமுறைக்காரர்களுக்குக் காரிய வீடு என்றால் திருவிழா. ஒருவன் கோழியைத் தூக்கினான். ஒருவன் செத்தவர் மாதிரியே இருமிக்காட்டினான். பொனிஃபாஸ் நேராக லமூசாவிடம் வந்து, கழுத்திலிருந்த பையை ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டான்.

"கோலாக்கொட்டைய மறைச்சு வச்சுத் தின்னறியா அடிமை? ஒரு நாய்த்தல கொண்டுவா, திருப்பித் தரேன்!"

"டேய், அதைக் குடு. அது மருந்து. அது இல்லேன்னா நான் செத்துருவேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்வது அதைத்தானே! கோழி பறிகொடுத்தவனும் சற்றுமுன் "அது இல்லேன்னா செத்துருவேன்" என்றுதான் கதறினான்.

"சாவு சாவு! உன் குழியில முதல்ல நான் படுத்துக்கிறேன், கெடாவெட்டுக் குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்!"

"பொனிஃபாஸ், இது விளையாட்டில்ல."

"பாத்தீங்களா, எவ்வளவு நல்லா நடிக்கிறா!"

மேலும் சிரிப்பு. அவள் எவ்வளவுக்கு எவ்வளவு நிஜமாகச் சொன்னாளோ அவ்வளவுக்கு அவ்வளவு சிரித்தார்கள். கத்திப் பிடுங்கலாம் என்றால், நொராகோ அவள் தோளைத் தொட்டான். "கோபப்படாதே. அப்பா காரியம். சாயங்காலம் குடுத்துடுவான்." சாயங்காலம் பொனிஃபாஸ் ஊரிலேயே இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு காரியத்துக்குக் கூட்டத்தோடு மொபெட்டில் போய்விட்டான். கைப்பிடியில் லமூசாவின் பை ஆடிக்கொண்டிருந்ததாம்.

அன்றைய மத்தியான மாத்திரை போச்சு. மறுநாள் காலை மாத்திரையும் போச்சு. அதோடு காய்ச்சலும் வந்தது. காலைக் கஞ்சி அப்படியே வாந்தியாக வந்தது. உச்சிப்பொழுதுக்குள் கண் இருட்டி, பானைக்குப் பக்கத்தில் சரிந்தாள். கழுதை வண்டியில் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

லமூசாவுக்கு எல்லாம் கேட்டது. நாக்கைத்தான் அசைக்க முடியவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு வந்த புது நர்ஸ் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மலேரியா" என்றார்.

போதுமடா சாமி என்று அவளுக்குச் சிரிக்கத் தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், இந்த முறை அது நிஜமாகவே மலேரியாதான். அந்தக் காய்ச்சலைத் தாங்கத்தான் உடம்பில் ஒன்றும் இல்லை.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?" என்று கேட்டார் நர்ஸ். பரவாயில்லையே, கேட்டுவிட்டாரே என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஏதோ மாத்திரை" என்றான் நொராகோ.

"என்ன மாத்திரை?"

"வெள்ளை மாத்திரைங்க."

"எதுக்கு?"

"தெம்புக்கு" என்றான் அந்தப் புண்ணியவான்.

எழுந்து உட்கார்ந்து அவன் மண்டையில் ஒன்று போட லமூசா தன் முழுப் பலத்தையும் திரட்டினாள். சுண்டுவிரல் அசைந்தது. "பை" என்றாள். "பாயா? பாய்லதானே படுத்திருக்கீங்க அக்கா" என்று தெனே அவள் கன்னத்தைத் தடவினாள். சலைன் ஏறியது, மலேரியா ஊசி ஏறியது. ரத்த அழுத்தம் மட்டும் ஏறவில்லை. நர்ஸ் மறுபடி மறுபடி பட்டையைக் கட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் மூச்சு வேகமாவதும் தெரிந்தது. நான் இப்படியே செத்துப்போவேன், நோட்டில் மலேரியா என்று எழுதுவார்கள் என்று நினைத்தாள். பயத்தைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

அப்போது வாசலில் மொபெட் சத்தம். பொனிஃபாஸ் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

"ஊசி போடுங்க! உடனே ஊசி போடுங்க! இல்லேன்னா செத்துருவா!"

கோலாக்கொட்டைக்கு ஆசைப்பட்டுப் பையைத் திறந்தவன் அட்டையைப் பார்த்திருக்கிறான். ஆறாங்கிளாஸ் வரை படித்தவன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் வண்டியை எடுத்துவிட்டான், ஊருக்குள் நுழைந்ததும் அவள் இங்கே கிடப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறான். ஆனால் வாசலில் இருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"வந்துட்டான்யா! ஏண்டா, குழி வெட்டியாச்சா?"

"மோசிக்காரிக்காக சாமோ அழறதப் பாரு! என்னமா நடிக்கிறான்!"

"நடிக்கலே! சத்தியமா! இந்த அட்டையப் படிங்க!"

நர்ஸ் அட்டையை வாங்கவே இல்லை. போன மாதம்தான் பொனிஃபாஸ் உயிரோடு இருந்த ஒரு மோசிக்காரருக்கு மரணச் சான்றிதழ் என்று ஒரு காகிதத்தை எழுதிக்கொண்டுவந்து, அதில் இவரிடம் முத்திரை கேட்டுக் கூத்தடித்திருந்தான். "வெளிய போய்யா" என்றார். "இது ஆஸ்பத்திரி, காரிய வீடு இல்ல."

பாயில் கிடந்தபடி லமூசா கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக ஊரில் எவனாவது ஒருவன் அந்த அட்டையைப் படிக்கமாட்டானா என்றிருந்தாள். படித்தவன் ஒருவன் வந்தான். அவன் சொல்வதை நம்ப ஒரு ஆள் இல்லை. அட போங்கப்பா, என்ன ஜென்மம் இது!

பொனிஃபாஸின் சத்தம் நின்றது. அவன் தொப்பியைக் கழற்றினான். எல்லோர் முன்னாலும் நொராகோவின் காலடியில் மண்டியிட்டான்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க. நான் தப்புப் பண்ணிட்டேன். அவங்க நிஜத்தைத்தான் சொன்னாங்க, நான் கேக்கல. மன்னிச்சிருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சாமோ ஒரு மோசியிடம் மன்னிப்புக் கேட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பாட்டன் காலத்திலும் கேள்விப்பட்டதில்லை. "ஐயோ! அக்கா போயிட்டாங்க!" என்று தெனே மார்பில் அடித்துக்கொண்டாள். வேறு எதற்கு ஒரு சாமோ இப்படி மண்டியிடுவான்?

நர்ஸ் அட்டையைப் பிடுங்கிப் படித்தார். முகம் வெளிறியது. ஆஸ்துமாக்காரர்களுக்காக அலமாரியில் வைத்திருந்த ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தேடி எடுத்து, நரம்பில் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. இன்னொரு மணி நேரத்தில் லமூசா கண்ணைத் திறந்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் நர்ஸ்.

அவள் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேறு வகைத் தொல்லை ஆரம்பித்தது. மாத்திரையை இப்போது மூன்று இடத்தில் வைத்திருந்தாள், சுகாதார நிலையச் சுவரில் அவள் பெயர் போட்டு அட்டையின் நகல் ஒட்டியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் கள் குடிக்க வந்தவன், சோளம் விற்க வந்தவள், போகிறவன், வருகிறவன் எல்லோரும் கேட்டார்கள்: "லமூசா, மாத்திரை போட்டியா?" நொராகோ ஒரு நாளைக்கு ஐந்து தடவை கேட்டான். பதினோரு வருஷம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போது வாயை மூடமாட்டேன் என்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பொனிஃபாஸ். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவான். சுரைக்குடுக்கையை இரண்டு கையாலும் வாங்குவான். குடித்துவிட்டு "நன்றிங்கம்மா" என்று போய்விடுவான்.

"நாய்த்தல தின்னி, உங்க ஊர்ல பொணத்துக்குத்தானடா இவ்வளவு மரியாதை?" என்று சீண்டிப்பார்த்தாள்.

"சரிங்கம்மா" என்றான்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அவளுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் துடுப்பை தெனேயிடம் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து அவன் பட்டறைக்குப் போனாள். பிளக் கழற்றும் ஸ்பேனர் அவனிடம் ஒன்றுதான் உண்டு. வாடிக்கையாளர்கள் மூன்று பேர் காத்திருக்க, அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டயர் குவியல் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, அதைக் குடுத்துருங்கம்மா. வேலை இருக்கு."

"யாருக்குடா நான் அம்மா? திட்டு. திட்டினாத்தான் தருவேன்."

"வேணாங்கம்மா." அவன் தரையைப் பார்த்தான். "உங்களப் பாத்தாலே பயமா இருக்கு. நான் விளையாடி நீங்க போயிருந்தா?"

"போகல, இல்ல? இங்க பாரு. பதினோரு வருஷம் நான் போய்க்கிட்டேதான் இருந்தேன். ஊரே எங்கிட்ட மெதுவாப் பேசுச்சு, பொணத்துக்குப் பக்கத்துல பேசற மாதிரி. நீ ஒருத்தன்தான் கத்தினே. உனக்குப் பதில் சொல்லணும்னே நான் எழுந்து உக்காருவேன், தெரியுமா? இப்ப நீயும் மெதுவாப் பேசினா நான் எதுக்குடா எழுந்திருக்கிறது?" அவள் குரல் உடைந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. "பையைப் புடுங்கினியே அது தப்பு இல்ல. அது உன் முறை. இதுதான்டா தப்பு."

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டதைப் பார்த்து, லமூசா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து புதுப் பையை எடுத்தாள். அரை மாத்திரையை நாக்கில் வைத்து, அவனுடைய மண்பானையைத் திறந்து, அவனுடைய குவளையிலேயே தண்ணீர் மொண்டு குடித்தாள். பொனிஃபாஸ் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான், மாத்திரை இறங்குகிற வரைக்கும். இறங்கியது.

"ஏ அடிமை" என்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அது என் தண்ணிடீ. மாத்திரை முழுங்கறதுக்கு உங்கப்பனா எனக்குக் கிணறு வெட்டிக் குடுத்தான்?"

"அப்பாடா!" என்றாள் லமூசா.

"எழுந்திரு! எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே, சோம்பேறிக் கழுதை! ஸ்பேனரக் குடு!"

அவள் எழுந்து, குவளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பேனரை இடுப்பிலிருந்து எடுக்காமலே தெருவைக் கடந்தாள். பின்னாலிருந்து அவன் கத்திக்கொண்டே வந்தான், அவள் பாட்டனை, பூட்டனை, அவள் கள்ளை, அவள் நடையை எல்லாம் சொல்லி. ஸ்பேனரை நாளைக்குத்தான் கொடுப்பாள்.